மடை பார்க்கப் போகும்போது

தினமும் மடை பார்க்க வாய்க்கால் கரையில் நடக்கிறோம். தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

கரையில் எலி வளை தெரிகிறதா? சாயங்காலம் மண்ணால் அடைத்து வையுங்கள். காலையில் திறந்திருந்தால் உள்ளே எலி குடியிருக்கிறது என்று அர்த்தம்.

மரத்தடியில் முடியும் சின்ன எலும்புகளும் கலந்த உருண்டை கிடக்கிறதா? கூகை கக்கியது அது. எலியை முழுசாக விழுங்கி, செரிக்காததைக் கக்கிவிடும். அபசகுனம் என்று கல்லெறியாதீர்கள். கூலி கேட்காத ராக்காவல் அது. சாரைப்பாம்புக்கு விஷம் கிடையாது. அதுவும் எலி பிடிக்கும். 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி அதை அடிப்பது குற்றமும்கூட.

கரிச்சான் குருவி கம்பியில் உட்கார்ந்து அந்துப்பூச்சியைப் பறந்து பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயலிலும் ஏக்கருக்கு 15, 20 குச்சிகளைக் குறுக்குக்கட்டை கட்டி, பயிருக்கு மேல் நிற்கும்படி நடுங்கள். கதிர் வருமுன் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிகள் வந்து உட்காரும்.

தட்டானும் சிலந்தியும் நிறைய இருந்தால் அவசரப்பட்டு மருந்து அடிக்காதீர்கள். அவையும் செத்துப்போனால், அடுத்து வரும் புகையானைத் தடுக்க ஆளிருக்காது. ஆகவே, அடிக்குமுன் ஒரு நடை நடந்து பாருங்கள்.