விமான நிலையத்தில் ஓர் அருவி

சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் நீங்கள் குற்றாலத்துக்குப் போயிருக்கிறீர்களா? பேரருவி பொங்குமாகடலில் விழுந்து, பொங்கி எழுந்து, வேகம் தணிந்த பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. அந்த அருவிக்குத் தலை கொடுத்தவரிடம், “ஒரு விமான நிலையத்திலே கண்ணாடிக் கூரையிலிருந்து அருவி கொட்டுகிறதாம்!” என்று சொல்லிப் பாருங்கள். தென்காசிக்காரர் அசரமாட்டார். “சிங்கப்பூர் சாங்கிதானே? மச்சான் போட்டோ அனுப்பியிருக்கிறான்” என்பார்!

காரணம் உண்டு. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் குடும்பம் குடும்பமாய்க் கப்பலேறிச் சிங்கப்பூரில் குடியேறியவர்கள் பலர். ஆண்கள் துறைமுகத்தில் உழைத்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941-லேயே அங்கே கடையநல்லூர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏறினால், பினாங்கு வழியாகப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். இப்போது ஆகாய மார்க்கமாக நாலு மணி நேரம்!

சிங்கப்பூர் ஒரு சின்னஞ்சிறு தீவு. அங்கே 1937-ல் காலாங்கில் ஒரு விமான நிலையம், 1955-ல் பாய லேபாரில் இன்னொன்று. அதைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. ஆகவே 1975-ல் துணிந்து ஒரு முடிவு செய்தார்கள்: கிழக்குக் கோடியில், கடலைத் தூர்த்து, சாங்கியில் புதிதாகக் கட்டுவது! விமானம் ஏறுவதும் இறங்குவதும் கடலுக்கு மேலே. ஊராருக்குத் தூக்கம் கெடாது. 1981 ஜூலையில் சாங்கி வேலை தொடங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. சென்னை விமான நிலையத்தில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போகிற கூட்டம் உண்டு. சாங்கியில் உள்நாட்டுப் பிரயாணி ஒருவர்கூடக் கிடையாது! ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 50 கிலோமீட்டர்தான், பஸ்ஸிலேயே போய்விடலாம். பின் கூட்டம் எங்கிருந்து? விருதுநகர் வண்டியில் வந்து திருநெல்வேலி வண்டிக்கு மாறுகிறவர், தென்காசி ஜங்ஷனில் இறங்கி ஒரு காப்பி சாப்பிடுகிறார் அல்லவா? அதே மாதிரி, ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும், நம் ஊரிலிருந்து பாலித் தீவுக்கும் போகிறவர்கள் அங்கே விமானம் மாறுகிறார்கள். பிறத்தியார் பிரயாணமே அந்த நிலையத்தின் பிழைப்பு.

அதில் ஆபத்தும் உண்டு. தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே வராத வருஷம், குற்றாலத்துக் கடைக்காரர்கள் ஈ ஓட்டுகிறார்களே, அந்தக் கதிதான். 2019-ல் 6 கோடியே 83 லட்சம் பேர் வந்துபோன சாங்கியில், கொரோனா பரவிய 2020-ல் 1 கோடியே 18 லட்சம் பேர்தான்! அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வந்தவர்கள். இரண்டாம் முனையத்தை அந்த மே மாதமே மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப விமானம் இல்லாமல் தவித்த நம்மவர்கள் எத்தனையோ பேர். 2024-ல்தான் கூட்டம் மறுபடி 6 கோடியே 77 லட்சத்தைத் தொட்டது.

அருவியை மறந்துவிட்டேனே! 2019-ல் திறந்தது, 40 மீட்டர் உயரம், மழைத் தண்ணீரைச் சேமித்து மேலே ஏற்றிக் கொட்டவிடுகிறார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்விடாதீர்கள், குளிக்க முடியாது!

மெல்போர்னில் மகளைப் பார்க்கப் போகிற வழியில் சாங்கியில் விமானம் மாறுகிறீர்களா? அருவி இருப்பது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே. சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி இல்லாவிட்டால் அருகே போக முடியாது. கவலை வேண்டாம்: இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. அதில் ஏறி ஜன்னலோரம் நின்றுகொள்ளுங்கள். அருவி பக்கத்திலேயே தெரியும்.