எடைக்குப் போன மாயாவி! கொட்டகையில் தூங்கும் பிளசர் கார்!
கரிசல் காட்டில் பழசைத் தேடி அலையும் ரசிகர்கள்

திருச்சுழி:

ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். திருமேனிநாதர் கோயில், மணல் தெரியும் குண்டாறு, சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, மல்லி. பெய்யாவிட்டால் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி.

இந்த ஊருக்கும், அமெரிக்கக் கொடியை உடம்பில் சுற்றிக்கொண்டு ஹிட்லரைக் குத்தினாரே ஒரு ஆசாமி, அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. நடுவிலே சிவகாசி இருக்கிறது!

அருப்புக்கோட்டை, திருச்சுழி, விருதுநகர் வட்டாரத்தில் இன்றைக்கு ஐம்பது, அறுபது வயது தாண்டிய ஆட்களில் பலருக்கு ரெண்டு கிறுக்கு சேர்ந்தே பிடித்திருக்கிறது. ஒன்று சின்ன வயசு காமிக்ஸ். இன்னொன்று பழைய கார். "கண்ட புக்கையும் படிச்சு உருப்படாமப் போகாதலே" என்று முதுகில் வாங்கிக்கொண்டு, சரித்திரப் புத்தகத்துக்குள் மாயாவியை ஒளித்துப் படித்த கூட்டம் இது. அப்போது கையில் காசு இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது. தேடினால் பொருள்தான் கிடைப்பேனா என்கிறது.

பிளக்கில் கையை விடும் ஹீரோ!

1972 ஜனவரி. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' ஆரம்பித்தார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. ஆள் நம்ம ஊர் இல்லை. பிரிட்டனில் 1962-ல் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர். படம் போட்டவர் ஸ்பெயின்காரர் பிளாஸ்கோ.

கதை தெரியும்தானே? ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டேலுக்கு விபத்தில் வலது கை போய்விடும். அதற்குப் பதில் இரும்புக்கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மாயம். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும்! முதலில் கெட்டவராகக் கிளம்பியவர் பிற்பாடு ரகசியப் படையில் சேர்ந்து நல்லவருக்கு உழைத்தார். பல கிராமங்களில் அப்போதுதான் கரண்டு வந்து விளக்கு எரிந்த காலம். மாயாவி மாதிரி பிளக்கில் கையை விடத் துடித்த பையன்களை அடக்கி வைப்பதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

1984 ஜூலையில் ரெண்டு வெடி ஒன்றாக வெடித்தது. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். அதே மாதம் 'ராணி காமிக்ஸ்' ஜேம்ஸ்பாண்டை இறக்கியது. லயனில் வந்த ஸ்பைடருக்கு வாகனம் ஹெலிகார். பாதி ஹெலிகாப்டர், பாதி கார். ஸ்பைடர் கதைகளை எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உண்டாக்கிய இருவரில் ஒருவரான அதே சீகல்தான்! ரொம்பப் பேருக்கு இது தெரியாது.

கார் ஆசை எங்கே முளைத்தது என்று இப்போது புரிந்திருக்கும். படித்த பையனுக்கு நாட்டைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றப் போவதற்கு ஒரு காரும் வேண்டும்.

ஹிட்லர் தாடையில் ஒரு குத்து!

தேசபக்தி ஹீரோக்களில் பேர் போனவர் கேப்டன் அமெரிக்கா. ஜோ சைமன், ஜேக் கிர்பி என்ற இரண்டு யூத இளைஞர்களின் கைவண்ணம். முதல் இதழில் போட்ட தேதி 1941 மார்ச். அட்டையிலேயே ஹிட்லர் தாடையில் ஒரு குத்து!

இதில் விசேஷம் என்னவென்றால், அமெரிக்கா போரில் குதித்தது 1941 டிசம்பரில். அரசாங்கத்துக்கு முன்னாடியே காமிக்ஸ் கை நீட்டிவிட்டது. புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. கூடவே மிரட்டல் கடிதங்களும் வந்தன. ஆபீஸ் வாசலில் போலீஸ் காவல் போட வேண்டி வந்தது என்று சைமனே பிற்பாடு எழுதி வைத்தார்.

கேடய விவகாரம் தனிக்கதை. முதல் இதழில் அவர் கையில் இருந்தது முக்கோணக் கேடயம். 1940-லேயே கொடி வேஷத்தோடு வந்துவிட்ட 'ஷீல்டு' என்ற ஹீரோவின் மார்புக் கவசம் மாதிரியே இருக்கிறது என்று அந்தக் கம்பெனி சண்டைக்கு வந்தது. ரெண்டாவது இதழில் கேடயம் வட்டமாகிவிட்டது. அந்த வட்டம்தான் இன்றைக்குப் பையன்கள் பனியனில் எல்லாம் இருப்பது.

நம் பக்கத்துக்கு இந்த மாதிரி இறக்குமதி தேவையே இல்லை என்பவர்களும் உண்டு. 1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் வந்த பிறகு, கையில் கிடைத்த குச்சியெல்லாம் வாள்தான். துண்டெல்லாம் மேலங்கிதான்.

ஒரு டாலர் கார், ரூ.25 கோடி!

1938-ல் வந்த முதல் சூப்பர்மேன் புத்தகத்தின் அட்டையிலும் ஒரு கார் இருக்கிறது. பச்சைக் காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதுகிறார் சூப்பர்மேன். அன்று விலை 10 சென்ட். அதில் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் ரூபாயில் சுமார் 50 கோடி!

பேட்மேன் கார் சமாசாரம் இதைவிட ருசி. 1955-ல் லிங்கன் கம்பெனி கண்காட்சிக்காகச் செய்த ஒரு காரை, ஜார்ஜ் பாரிஸ் என்ற கார் வடிவமைப்பாளர் ஒரே ஒரு டாலருக்கு வாங்கிப் போட்டிருந்தார். 1966-ல் டி.வி. தொடருக்கு அவசரமாகப் பேட்மேன் கார் கேட்டார்கள். அதையே வெட்டி ஒட்டிக் கறுப்பு அடித்துக் கொடுத்தார். 2013-ல் அது 46 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய ரூ.25 கோடி.

இதைக் கேட்டுவிட்டுத் தாத்தா வீட்டுக் கொட்டகைக்கு ஓட வேண்டாம்! அங்கே இருப்பது பெரும்பாலும் அம்பாசிடர். இல்லையென்றால் பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கோழி அடைகிற 'பிளசர்'.

4777

ஆனாலும் அம்பாசிடர் என்றால் அருப்புக்கோட்டைக்காரர்களுக்குத் தனி மயக்கம். காரணம் உண்டு. 1977-ல் எம்.ஜி.ஆர். ஜெயித்து முதல்-அமைச்சர் ஆனது இந்தத் தொகுதியில்தானே! அவருடைய 4777 நம்பர் அம்பாசிடர் சென்னை தியாகராயநகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. வெளிநாட்டு ஹீரோ பேப்பரில் பறந்தார். இந்த ஹீரோ காரில் வந்து இறங்கிக் கும்பிட்டார். கிழவிகளுக்கு எது பெரிசு என்று சொல்லவா வேண்டும்?

1957-ல் தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் நின்றுபோனது. பழைய கார்களை வரிசையாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கோவையில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போகலாம். சென்னையில் 2023-ல் திறந்த ஏவி.எம். மியூசியமும் இருக்கிறது.

ஆர்.சி. புக் ஜாக்கிரதை!

பழைய கார் வாங்குவதில்தான் வில்லங்கம். பெயிண்டைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அழுகிறவர்கள் உண்டு. சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்வது நல்லது. பேர் மாற்றாமல் வண்டி ஓட்டினால், எங்கோ நடந்த விபத்துக்கு எவரோ கோர்ட்டு ஏற நேரும்.

சாதாரண காரின் பதிவைப் பதினைந்து வருஷம் கழித்துப் புதுப்பிக்க முன்பு ரூ.600. 2022 ஏப்ரலில் ரூ.5 ஆயிரம் ஆக்கினார்கள். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-ல் ரூ.10 ஆயிரம் என்றார்கள். ஆசை ஒரு பக்கம், பர்ஸ் ஒரு பக்கம்.

'விண்டேஜ்' வண்டிக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி போட்டது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. பாரிஸ் மாதிரி வெட்டி ஒட்டினால் அம்பேல்! புதுப் பதிவுக்கு ரூ.20 ஆயிரம். பத்து வருஷம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க ரூ.5 ஆயிரம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும்.

எடைக்குப் போடுமுன்...

பேப்பர் கதை இதைவிடப் பரிதாபம். சிவகாசிப் பக்கம் பழைய பேப்பருக்கு எப்போதும் வேலை உண்டு. பட்டாசு சுற்றப் பேப்பர் வேண்டுமே! வீடு வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போன முத்து காமிக்ஸ்களில் எத்தனை மாயாவி எந்தத் தீபாவளிக்கு வெடித்தாரோ.

2012-ல் லயன் மறுபடி எழுந்து பளபளத் தாளில் புத்தகம் போட ஆரம்பித்தது. பழைய கதைகள் மறுபதிப்பாகவும் வந்தன. ஆனால் சேகரிக்கிறவர் கேட்பது அந்தப் பழைய பிரதியைத்தான். இதைத் தெரிந்துகொண்டு கலர் ஜெராக்சை ஒரிஜினல் என்று தள்ளிவிடும் கில்லாடிகள் வரலாம். ஒரிஜினலில் தாள் ஓரம் பழுத்திருக்கும், பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் கறை இறங்கியிருக்கும். ஜெராக்சில் அந்தக் கறையும் அச்சாகி வழவழவென்று இருக்கும். விரலால் தடவினால் தெரிந்துபோகும்.

மட்டமான தாளில் மரத்தின் சத்து அப்படியே கிடப்பதால் வெயில் பட்டால் மஞ்சளாகி ஒடியும். கரிசல் காட்டின் வறண்ட காற்று பூஞ்சைக்குப் பகை, தகரத்துக்கும் நல்லது. கடலோர ஊரைவிட இங்கே கார் மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். எதிரி வேறு ரூபத்தில் வருகிறது. கரையான்! மண் தரையில் அட்டைப்பெட்டியை வைத்தால் ஒரு மழைக்காலத்தில் முத்து, லயன், ராணி மூன்றையும் சமரசமாகத் தின்றுவிடும். இரும்பு பீரோவில் கட்டுக் கட்டாகப் படுக்கப் போட்டு, மாசம் ஒருதரம் நிழலில் விரித்து எடுத்து வைக்கிறவர்கள் தப்பிக்கிறார்கள்.

பீரோ வாங்கும் காசு காருக்குப் போய்விட்டால் சங்கடம். காரை வைத்துச் சம்பாதிக்கவும் வழி இல்லை. 'வி.ஏ.' பிளேட் வண்டியைக் கண்காட்சிக்கும், பழைய கார் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் ரோட்டில் எடுக்கலாம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்டால், சட்டப்படி தப்பு!