கேமரா வைத்திருப்பவர் எல்லாம் போட்டோகிராபரா?

கல்யாணத்துக்கு நாள் குறித்தவுடனே இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் ஒரு பேச்சு எழுகிறது. "நம்ம பையன்கிட்டயே நல்ல கேமரா இருக்கே, ஸ்டூடியோக்காரருக்கு எதுக்குப் பணத்தைக் கொட்டணும்?" எங்கள் மகள் கல்யாணத்திலும் அதே பேச்சுதான். என் அண்ணன் மகன் உண்மையிலேயே கெட்டிக்காரன். கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவபெருமான் சண்டேசர் தலையில் மாலை சுற்றுகிற சிற்பம் இருக்கிறதே, அதை அவன் எடுத்திருக்கும் அழகைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனசு வராது. வெளிச்சம் தோதாக விழவேண்டும் என்று அரியலூரிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்க் காத்துக் கிடந்தானாம்.

கல் சிற்பம் காத்திருக்கும். முகூர்த்தம் காத்திருக்குமா? கெட்டிமேளம் கொட்டியதும் மணவறையைக் கூட்டம் நெருக்கும். ஹோமப் புகை கண்ணைக் கரிக்கும். மூன்று முடிச்சும் நொடியில் விழுந்துவிடும். "அத்தை, படம் கலங்கிடுச்சு" என்றால் மறுபடியும் தாலி கட்டச் சொல்ல முடியுமா? தொழில்காரர் ரசனையில் ஒரு படி குறைவாகவே இருக்கட்டும், படம் நம் கைக்கு வந்தாக வேண்டும் என்பது அவர் பொறுப்பு. அதற்காகத்தான் இரண்டாவது கேமராவும் உபரி பாட்டரியும் சுமந்து வருகிறார். நல்ல அனுபவஸ்தராக இருந்தால் மண்டபத்தில் நுழையும்போதே, "பொண்ணுக்குத் தாய்மாமன் யாருங்க?" என்று கேட்டு வைத்துக்கொள்வார்.

நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராபர் ஹோமாய் வ்யாரவாலா இப்படிப்பட்டவர்தான். 1942-ல் டெல்லியில் பிரிட்டிஷ் தகவல் பிரிவில் சேர்ந்தவர். புடவை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைச் சுமந்து, ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே நின்று எடுத்தார். 1947-ல் சுதந்திரக் கொடி ஏறியதும், 1948-ல் காந்திஜியின் இறுதி ஊர்வலமும் இன்னொரு தரம் நடக்கிற காரியங்களா? 1970-ல் தொழிலை விட்டார். 2011-ல் பத்ம விபூஷண் தேடி வந்தது.

அதற்காகப் பொழுதுபோக்காக எடுப்பவர்களை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் விவியன் மேயர் என்று ஒரு பெண்மணி. சிகாகோவில் பணக்கார வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓய்வு நேரத்தில் தெருத் தெருவாகச் சுற்றி ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தார். பல ரோல்களைக் கழுவிக்கூடப் பார்க்கவில்லை! 2007-ல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் விஷயமே வெளியில் தெரிந்தது. 2009-ல் இறந்தார், புகழெல்லாம் அதற்கப்புறம். யாருக்கும் படம் தரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அந்தச் சுதந்திரம் தொழில்காரருக்குக் கிடைக்காது, பாவம்.

என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவரை நடுவில் வைத்துக் குடும்பமே நிற்கிற படம் எங்களுக்கு இனி எப்போது வாய்க்கும்? அதனால் முகூர்த்தமும் குரூப் போட்டோவும் ஸ்டூடியோக்காரருக்கு என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். பந்தக்கால், மருதாணி, சமையல்கட்டு, பேத்திக்கு அப்பாயி பூ வைத்துவிடுவது எல்லாம் அண்ணன் மகனுக்கு. அவனுக்கும் சந்தோஷம்தான்.

ஸ்டூடியோ பேசும்போது விலையோடு நிறுத்திவிடாதீர்கள். அன்றைக்கு நேரில் வருவது அவரா, உதவியாளரா? அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் வருவார்கள்? படங்களை எத்தனை இடத்தில் பத்திரப்படுத்துவார்? ஆல்பம் எந்தத் தேதியில் கைக்கு வரும்? இத்தனையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.