தரையருகே தளரும் வேகம்

ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் ஏறத்தாழ 2000 முறை சறுக்கு வானூர்தியில் பறந்தவர். 1896 ஆகஸ்டு 9 அன்று அவருடைய ஊர்தியின் முகப்பு மேலெழும்பி வேகம் தளர்ந்தது. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்தவர் மறுநாள் உயிர்நீத்தார்.

எந்திரமற்ற ஊர்தியைத் தாங்குவது இறக்கைகளின்மீது பாயும் காற்றே. இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தால், காற்றோட்டம் சிதறித் தூக்குவிசை குன்றும். உயரத்தில் இருந்தால் முகப்பைத் தாழ்த்தி மீளலாம். தரையருகே அதற்கு இடமில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் இடர் மிகுவது இதனால்தான்.

தரையிலுள்ள பொறி வடத்தைச் சுற்றி இழுக்க, ஊர்தி ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் மேலேறுகிறது. இடையில் வடம் அறுந்தால் ஓரிரு நொடிகளில் வேகம் கரையும். விமானி உடனே முகப்பைத் தாழ்த்த வேண்டும். அதனினும் அரியது, வேகம் மீளும்வரை ஊர்தியைத் திருப்பாமல் காத்திருத்தல். முகப்பு தாழ்ந்ததையே வேகம் மீண்டதாகக் கொண்டு திருப்பினால், ஊர்தி சுழன்று வீழக்கூடும்.

இறங்குகையிலோ மறுமுயற்சிக்கு வழியில்லை. ஓடுதளம் எட்டாதோ என்னும் அச்சத்தில் கை தானாகவே முகப்பை உயர்த்தும். வேகம் குறைந்து, ஊர்தி முன்னிலும் விரைவாகத் தாழும்.