தொடக்கநிலையும் நியதியும்: கிளேரோ சமன்பாடு பற்றிய ஒரு குறிப்பு

தொடக்கநிலை தரப்பட்டால் பின்விளைவு முற்றாகத் தீர்மானிக்கப்படும் என்னும் இயந்திரவியல் நியதிவாதத்திற்கு வகையீட்டுச் சமன்பாடுகள் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அச்சான்று எங்கும் பொருந்துமா? 1734இல் கிளேரோ ஆராய்ந்த வகையைச் சேர்ந்த சமன்பாடொன்றினை நோக்குவோம்.

ஒரு வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும், படித்திறனின் வர்க்கத்தையும் நிலை ஆள்கூற்றையும் கூட்டினால், கிடை ஆள்கூற்றினதும் படித்திறனினதும் பெருக்கம் பெறப்படவேண்டும் என்பதே விதி. இங்கு படித்திறன் வெளிப்படையாகத் தரப்படவில்லை. இருபடிச் சமன்பாடொன்றைத் தீர்த்தே அதனை அறியவேண்டும். கிடை ஆள்கூற்றின் வர்க்கத்தில் காற்பங்கை நிலை ஆள்கூறாகக் கொண்ட பரவளைவு தளத்தைப் பிரிக்கின்றது. அதற்கு மேலே மெய்த்தீர்வு இல்லை. கீழே ஒவ்வொரு புள்ளியினூடாகவும் தீர்வுகளாக இரு நேர்கோடுகள் செல்கின்றன. தொடக்கப் படித்திறனையும் தந்தால் அவற்றுள் ஒன்று தெரிவாகும். பரவளைவின் மீதோ இரு மூலங்களும் ஒன்றாகிவிடுகின்றன. தொடலியும் தீர்வு, பரவளைவும் தீர்வு. படித்திறனைத் தந்தும் தனித்தன்மை மீள்வதில்லை. பரவளைவின் வழியே செல்லும் தீர்வு எப்புள்ளியிலும் தொடலிக்கு மாறலாம், விதி மீறப்படுவதில்லை. இத்தகைய தனிச்சிறப்புத் தீர்வு ஏனைய தீர்வுகளின் சூழியே என்பதை 1774இல் லாகிராஞ்சு விளக்கினார்.

இதிலிருந்து சமூக விதிகளை உய்த்தறிய நாம் முற்படவில்லை, ஒப்புமை நிறுவலாகாது. ஆயின், விதி உண்டு என்பது வேறு; அது ஒரே பாதையை வகுக்கும் என்பது வேறு. நியதிவாதத்திற்குக் கணிதத்தைத் துணைக்கழைப்போர் இவ்வேறுபாட்டிற்கு முதலில் விடையளித்தல் வேண்டும்.