நடைபாதை யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்றொரு சிற்றூர். வீடுகள், கடைத்தெரு, தபால் நிலையம் என்று பார்வைக்கு மற்ற ஊர்களைப் போலத்தான் இருந்தது. ஆனால் தெருவும் நடைபாதையும் உட்பட ஊரே ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்துக்குச் சொந்தம். ஊர்க்காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்குச் சம்பளம் தந்ததும் அந்த நிறுவனமே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், யெகோவாவின் சாட்சிகள் அமைப்பைச் சேர்ந்த கிரேஸ் மார்ஷ், தபால் நிலையத்துக்கு அருகே நின்று மதப் பிரசுரங்களைக் கொடுத்தார். அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது என்றார்கள். அனுமதி கிடைக்காது என்றும் சொன்னார்கள். அவர் நகர மறுத்தார். கைதானார்.

1946-ல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தில் பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. கடைக்காரரையோ வீட்டுக்காரரையோ கட்டுப்படுத்தாது. ஆனாலும், ஓர் ஊரையே நடத்துகிற நிறுவனம் சொத்துப் பத்திரத்தைக் காட்டி மக்களின் வாயை அடைக்க முடியாது என்றது நீதிமன்றம். தன் ஆதாயத்துக்காக ஒருவர் இடத்தைப் பொதுமக்களுக்கு எவ்வளவு திறந்துவிடுகிறாரோ, அந்த அளவுக்கு அவருடைய உரிமை சுருங்கும் என்று எழுதினார் நீதிபதி ஹியூகோ பிளாக். அவரும் அலபாமாக்காரர்.

அருமையான தீர்ப்பு. ஆனால் மால்கள் வந்ததும் அதன் வீச்சு குறுகியது. போர்ட்லாந்தின் லாயிட் சென்டரில் வியட்நாம் போரை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தவர்களைக் காவலாளிகள் வெளியேறச் சொன்னார்கள். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என மால் ஜெயித்தது.

கலிபோர்னியா வேறு வழியில் போனது. கேம்ப்பெல் நகரின் புரூன்யார்டு மாலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிய பள்ளி மாணவர்களை அனுப்பிவிட்டார்கள். மாநிலத்தின் அரசியல் சட்டம் அவர்களைக் காக்கும் என்றது அங்குள்ள உச்ச நீதிமன்றம். 1980-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நேரம், இடம் பற்றிய விதிகளை மால் வகுக்கலாம். அடியோடு தடுக்க முடியாது.

இன்று கூட்டம் கூடுவது ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும்தான். எத்தனை கோடிப் பேர் பார்த்தாலும் யூடியூப் தனியார் தளமே, முதல் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தாது என்று 2020-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவுகளை நீக்கும் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட டெக்சாஸும் புளோரிடாவும் 2021-ல் சட்டம் இயற்றின. 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளைக் கீழ் நீதிமன்றங்களுக்கே திருப்பி அனுப்பியது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற தேர்வு, பத்திரிகை ஆசிரியரின் தேர்வைப் போல, நிறுவனத்தின் கருத்துரிமையில் அடங்கும் என்று நீதிபதி எலினா கேகன் பெரும்பான்மைத் தீர்ப்பில் எழுதினார். புரூன்யார்டு இதற்குப் பொருந்தவில்லை: மால்காரர் அங்கே எந்தக் கருத்தையும் தொகுத்து வெளியிடவில்லை.

எந்தப் பதிவு இருக்க வேண்டும் என்று அரசு உத்தரவிடுவது ஆபத்து; அந்த மட்டில் நீதிமன்றத்தின் தயக்கம் நியாயமானதே. ஆனால் காரணம் சொல்லாமல் ஒருவரை அப்புறப்படுத்துவதும் அநியாயம்தான். இந்த இடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் உருப்படியான வேலை செய்திருக்கிறது. பதிவை நீக்கினால் பயனருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும். சிறு நிறுவனங்களின் தளங்கள் தவிர மற்றவை அவருடைய முறையீட்டைக் கேட்க வேண்டும். அந்த முறையீட்டின் முடிவை இயந்திரத்திடம் மட்டும் விட்டுவிடவும் கூடாது.