அமினோ அமிலங்களும் உடற்காவலும்

திருவள்ளுவர் 'மருந்து' என ஓரதிகாரம் வகுத்து, அதன் பெரும்பகுதியை உணவின் அளவிற்கும் சமிபாட்டிற்குமே ஒதுக்கினார். உணவு வேறு, மருந்து வேறு என்னும் பிரிவு அவர்க்கு உடன்பாடன்று போலும். இக்காலத்திலோ, உணவின் ஒரு கூறாகிய அமினோ அமிலங்கள் தூளாகவும் குளிசையாகவும் போத்தல்களில் அடைக்கப்பட்டு, குடலைச் செப்பனிடுவன என்றும் நோயெதிர்ப்பு ஆற்றலைப் பெருக்குவன என்றும் விற்கப்படுகின்றன. இக்கூற்றில் உண்மை எத்துணை என ஆராய்தல் பயனுடைத்து.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகள்போலக் கோவைப்பட்டு அமைந்த பொருள். மனிதவுடலின் புரதங்களை ஆக்குவன 20 வகை அமினோ அமிலங்கள். அவற்றுள் 9 வகையை உடம்பு தானே ஆக்கிக்கொள்ளமாட்டாது. அவை உணவினின்றே வருதல் வேண்டும். உண்ட புரதம் இரைப்பையிற் பெப்சினாலும், சிறுகுடலில் திரிப்சின் முதலிய நொதியங்களாலும் சிதைக்கப்பட்டு, பெரும்பாலும் அமினோ அமிலங்களாகவே குருதியிற் கலக்கின்றது. மீனாயினும் பயறாயினும் முடிவில் எய்தும் வடிவம் ஒன்றே.

இங்ஙனம் வரும் பொருளிற் குடல் தன் பங்கையும் எடுத்துக்கொள்கின்றது. சிறுகுடலின் உட்போர்வைக் கலங்கள் 3 முதல் 5 நாட்களுக்குள் புதுப்பிக்கப்படுவன. அவற்றின் தலையாய எரிபொருள் குளுற்றமின் என்னும் அமினோ அமிலமே என்பது 1970ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஆய்வுகளாற் புலனாயிற்று. குடற்சுவரைக் காக்கும் சளிப்படலம் திரியோனின் மிகுந்தது. வெண்குழியங்களும் குளுற்றமினைப் பெரிதும் செலவிடுகின்றன. கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளோ தாமே புரதங்கள். ஆகவே, விற்போர் கூற்றின் அடிப்படை பொய்யன்று.

ஆயினும், இன்றியமையாதது என்பதும் மிகுதியாக வேண்டுவது என்பதும் ஒன்றல்ல. எண்ணெய் வற்றிய விளக்கில் எண்ணெய் வார்த்தால் ஒளி பெருகும். நிறைந்த விளக்கில் வார்த்தால் வழிந்தோடும். கொழுப்பைப்போல அமினோ அமிலத்தைச் சேமித்துவைக்க உடம்பில் இடமில்லை. மிகுந்தது ஈரலிற் சிதைந்து, அதன் நைதரசன் யூரியாவாகிச் சிறுநீருடன் கழிகின்றது. கனடா, ஐக்கிய அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களிலுள்ள 40 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பல உறுப்புகள் செயலிழந்த 1,223 நோயாளரிடை ஓராய்வு நிகழ்ந்தது. 2013இல் வெளியான அதன் முடிபு யாதெனில், குளுற்றமின் பெற்றோருள், பெறாதோரினும் மிகுதியானோர் இறந்தனர் என்பதே. மறுதலையாக, பீனைல்கீற்றோனூரியா என்னும் பிறவிக்குறையுடைய குழந்தைகட்குத் தனியே ஆக்கிய அமினோ அமிலக் கலவை உயிர்காக்கும் உணவாகின்றது. ஆதலின், யாருக்கு, எந்நிலையில் வேண்டுமென விதித்தற்குரியவர் வைத்தியரேயன்றி வணிகரல்லர்.

அங்ஙனமாயின், நோயெதிர்ப்பிற்கு உணவு துணையாவது எவ்வாறு? இவ்வினாவிற்கு மயிலிட்டியின் வரலாறு பொருத்தமுடையது. மீன்வளத்தாற் பெயர்பெற்ற அவ்வூரிற் சயரோகம் எனப்படும் காசநோய்க்குரிய வைத்தியசாலையும் ஒருகாலத்தில் இயங்கியது. கிருமியை அழிக்கும் மருந்துகள் தோன்றுமுன், உலகெங்கும் இத்தகைய நிலையங்களில் ஓய்வும் நல்ல காற்றும் ஊட்டமிக்க உணவுமே சிகிச்சையாயிருந்தன. மருந்துகள் வந்தபின் உணவின் இடம் யாது என்னும் ஐயம் எழுந்தது. சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு அதற்கு விடை தந்தது. எளிய உணவுண்டு வீட்டிலிருந்தே மருந்துட்கொண்டோரும், வைத்தியசாலையில் நல்லுணவு பெற்றோரைப்போலவே குணமடைந்தனர் என்பது 1959இல் வெளியாயிற்று. வந்த நோயைத் தீர்ப்பது மருந்தே என்பது இதனால் தெளிவாயிற்று.

வருமுன் காப்பதோ வேறு. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில், காசநோயாளரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரிடை நிகழ்ந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. அவருள் ஒரு பிரிவினரில் வளர்ந்தோர் ஒவ்வொருவர்க்கும் மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும், அவற்றுடன் விற்றமின் குளிசைகளும் வழங்கப்பட்டன. உணவு பெற்ற குடும்பத்தாரிடை நோய் தோன்றுதல் ஏறத்தாழ 39 வீதம் குறைந்தது. வறியோரின் உடற்காவலைப் பெருக்கியது பெரும்பாலும் சோறும் பருப்புமே.

அதன் காரணமும் அறியத்தக்கது. அரிசியில் இலைசின் குறைவு. பருப்பு வகைகளில் மெதியோனின் குறைவு. இரண்டும் சேருமிடத்து ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. சோறும் பருப்புக்கறியும், உழுந்தும் அரிசியும் கலந்த தோசையும் இவ்விணைப்பினவே. மீனுண்போர்க்குச் சூடையும் நெத்தலியும் ஒன்பது வகையினையும் ஒருங்கே தருவன.

மயிலிட்டி மக்கள் 1990இல் ஊர்நீங்கினர். துறைமுகமும் அதனையடுத்த நிலமும் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டன. இடைப்பட்ட 27 ஆண்டுகளும் துறையிழந்த மீனவர், தொழிலோடு தம் மக்களின் உணவுத்தட்டில் விழும் பங்கினையும் இழந்திருந்தனர். துறையை மீட்டல் ஊட்டத்தை மீட்டலுமாம். ஆதலின், சிறுவருவாயுடைய குடும்பம் பிள்ளையின் பங்கு மீனை விற்று அமினோ அமிலத் தூள் வாங்குமாயின், அது கையிலுள்ள முதலைக் கொடுத்து அதன் நிழலை வாங்குதலை ஒக்கும். குடலுக்கும் உடற்காவலுக்கும் வேண்டுவதனைப் பெரும்பாலோர்க்கு அடுக்களையே அளிக்கவல்லது. அவ்வடுக்களை வெறுமையுறாது காத்தலே சமுதாயத்தின் கடன்.